மட்டாஞ்சேரியில் ஒரு மஸ்டாங்

மட்டாஞ்சேரி பஜார் தெரு காருக்காகப் போடப்பட்டதல்ல. படகிலிருந்து இறங்கும் மிளகு மூட்டை தோளில் ஏறிக் கிடங்குக்குப் போவதற்காகப் போடப்பட்டது. இன்று அதே தெருவில் ஆட்டோ, சரக்கு டெம்போ, இரு சக்கர வாகனம், சுற்றுலாப் பயணி எல்லாம் போக வேண்டியிருக்கிறது. 1555இல் போர்ச்சுக்கீசியர் கட்டிக்கொடுத்து, 1663இல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்த ஒரே காரணத்தால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிவிட்ட கட்டிடத்தையும், 1568இல் கட்டிய யூதர் ஆலயத்தையும் பார்க்க வரும் கூட்டம் நாள் முழுக்கத் தெருவின் பாதியை எடுத்துக்கொள்கிறது. எதிரெதிரே இரண்டு டெம்போ வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும்.

இந்தத் தெருவுக்கு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமல் 1.9 மீட்டர். நீளம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர். முன்பக்க மூக்கு தரையை முகர்ந்தபடி வரும். 5 லிட்டர் கொள்ளளவு, எட்டு சிலிண்டர், 400 குதிரை சக்தி. ஆனால் பஜாரில் முதல் கியரைத் தாண்ட வழியில்லை. பின்னால் மீன் கூடையோடு வரும் மொபெட் ஹாரன் அடிக்கும்.

கற்பனைதான், ஆனால் அதீதமில்லை. 2016இல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது அறிவித்த விலை ரூ.65 லட்சம். வளைகுடாப் பணமும் வாகன மோகமும் சேர்ந்த கேரளத்தில் அதற்கு ஆள் இல்லாமல் போகுமா? 2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் வாங்கியவர்களிடம் கார் இருக்கிறது. சிக்கல், வாங்கிய பிறகு அதை எங்கே ஓட்டுவது என்பதுதான். பணக்காரரின் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் வலது காலை முழுதாக ஊன்றிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்கிற தவிப்பு, பழைய மாருதியை வாங்கிச் சைலன்சரை மாற்றிக்கொண்ட 20 வயதுப் பையனுக்கும் இருக்கிறது. அவனுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இரவு 12 மணிக்கு மேல் காலியாகும் நெடுஞ்சாலை.

அந்தச் சாலைக் கணக்கு பயங்கரமானது. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 70 சதவிகிதத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்குக் காரணமாகக் காட்டப்பட்டிருப்பது அதிவேகம். இவர்கள் எல்லோரும் பந்தயம் விட்டவர்கள் அல்லர். சாலையைக் கடக்க நின்றவர்களும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. கேரளம் தன் பங்குக்கு 2023 ஜூனில் 726 கேமராக்களைச் சாலைகளில் இயக்கத் தொடங்கியது. சட்டமும் கறாராகத்தான் இருக்கிறது. மாநில அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகப் பரீட்சையோ நடத்தினால், மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு, ரூ.10,000. 2019 திருத்தத்துக்கு முன்பு இது ஒரு மாதம், ரூ.500 என்று இருந்தது. அந்தத் தொகைக்கு இந்த மாதிரிக் காரில் பெட்ரோல் போட்டால் ஓர் இரவுக்குக்கூடக் காணாது.

அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் மூடியது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்று 52வது பிரிவுக்குக் கறாரான விளக்கம் கிடைத்தது. பந்தயத்துக்காகப் பின் சீட்டைக் கழற்றி, இரும்புக் கூண்டு பொருத்தி, சஸ்பென்ஷனை இறக்கிய காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெளிநாட்டில் பயன்படுத்திய காரை இறக்குவதும் சுலபமில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதிகள். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் கொச்சித் துறைமுகம் கண்ணெதிரே தெரிகிறது, பிரயோசனமில்லை. குறுக்கு வழி தேடுபவர்கள் இருக்கத்தானே செய்வார்கள். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறையினர் 'நும்கோர்' என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்திப் பல கார்களைக் கைப்பற்றினார்கள். பூட்டானில் பயன்படுத்திய வண்டிகளைப் பொய் ஆவணங்களோடு இந்தியாவில் பதிவு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பூட்டானின் மொழியில் நும்கோர் என்றால் வாகனம்.

ஒழுங்காக வாங்கி, ஒழுங்காக ஓட்ட நினைப்பவருக்கு உள்ள வழிக்கு ட்ராக் டே என்று பெயர். பந்தயத் தடத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, தங்கள் சொந்தக் காரில் வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிறிய குழுக்களாக 15, 20 நிமிடம் ஓட விடுவது. இது பந்தயமல்ல. பரிசு கிடையாது. நேர் பகுதியில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழி விட்ட பிறகு. ஹெல்மெட் கட்டாயம். வளைவுகளில் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மஞ்சள் என்றால் எதிரே ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நம் நகரங்களில் டிராஃபிக் சிக்னலுக்குக் கிடைக்காத மரியாதை அந்தக் கொடிகளுக்குக் கிடைக்கிறது.

கார்ப் பந்தயத்துக்கென்று சர்வதேசத் தரத்தில் கேரளத்தில் ஒரு தடம் இல்லை. கொச்சிக்காரர் கோவைக்குத்தான் போக வேண்டும். சுமார் 200 கி.மீ. திருச்சூர், குதிரான் சுரங்கப் பாதை, பாலக்காடு, வாளையாறு என்று தாண்டி செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் 2.1 கி.மீ. 2003இல் திறக்கப்பட்டது. காலை அமர்வுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கொச்சியில் விடியலுக்கு வெகு முன்பே கிளம்ப வேண்டும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தொடங்கிய 3.7 கி.மீ. தடம் உண்டு. டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக 2011இல் கட்டிய 5.1 கி.மீ. புத் சர்க்கியூட் உண்டு. மஸ்டாங் போன்ற கார் நிஜமாகக் கால் நீட்டுவது அங்கேதான். அங்கே நடந்த ஃபார்முலா ஒன் மூன்று வருடத்தோடு நின்றுவிட்டது. தடம் நின்றுவிடவில்லை.

செட்டிபாளையம் தடத்தின் பெயரில் இருக்கும் காரி என்பவர் எஸ்.கரிவரதன். கோவையைச் சேர்ந்த அவர் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி. அதுவரை கார்ப் பந்தயம் என்றால் ராஜாக்கள், ஆலை முதலாளிகள், டயர் கம்பெனிகள். கரிவரதன் செய்த காரியம், சரியாகப் பழகினால் போதும், பெரிய சொத்து வேண்டாம் என்கிற நிலைமைக்குச் சற்றுக் கிட்டே அதைக் கொண்டுவந்தது. 1995இல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்தார். 1992இல் ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 5 லிட்டர் எஞ்சின் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த 796 சி.சி. சமாச்சாரத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மசில் கார் என்று சொல்வதன் பரம்பரையே வேறு. நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினைத் திணித்து, கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் யார் முதலில் கடப்பது என்று பார்க்கப் பிறந்த வண்டிகள் அவை. மஸ்டாங்கும் போன்டியாக் ஜி.டி.ஓ.வும் வந்தது 1964இல். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் அந்த வம்சம் நொடித்துப் போனது. மஸ்டாங் 2005இலும், டாட்ஜ் சேலஞ்சர் 2008இலும், ஷெவர்லே கமாரோ 2009இலும் பழைய முகத்தோடு திரும்பி வந்தன. இவற்றில் சேலஞ்சரும் கமாரோவும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. 2024 தொடக்கத்துக்குள் உற்பத்தியே நின்றுவிட்டது. நேராக ஓடப் பிறந்தவை வளையக் கற்றுக்கொண்டது மெல்லத்தான். பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே கட்டையில் பிணைக்கும் பழைய அமைப்பை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி சஸ்பென்ஷன் என்ற ஏற்பாட்டுக்கு மஸ்டாங் முழுமையாக மாறியது 2015 மாடலில். தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த முதல் மஸ்டாங்கும் அதுதான்.

முதல் முறையாகத் தடத்தில் இறங்குபவருக்குத் தொந்தரவு கொடுப்பது வேகமல்ல, எடை. ஆட்களையும் சேர்த்தால் 1,800 கிலோ. நேர் பகுதியின் முடிவில் 180 கி.மீ. வேகத்தில் வருகிறது. வளைவுக்காக அதை 80க்குக் குறைக்க வேண்டும். அந்த ஒரு மிதியில் பிரேக்குகள் விழுங்கும் வெப்பம், ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு நிமிடம் கழித்து அடுத்த சுற்றில் இன்னொரு ஆறு லிட்டர். பஜாரில் நாள் முழுக்க மிதித்தாலும் பிரேக் பட்டைகள் இந்த வெப்பத்தைப் பார்க்காது. நாலு சுற்றில் பெடல் மெத்தென்று கீழே போகத் தொடங்குகிறது. பட்டை மட்டும் காரணமல்ல, பிரேக் எண்ணெய் கொதிக்கிறது. இங்கேதான் கொச்சிக்காரர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. காயலின் ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் நின்ற கார், எண்ணெய் மாற்றாமல் செட்டிபாளையம் போவது நல்லதல்ல.

அடுத்தது டயர். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. மொத்தத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் வளைவுக்குக் கொடுக்க மிச்சமிருக்காது. ஆகவே நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடி, பிறகு திருப்பு, ஸ்டியரிங் நிமிரத் தொடங்கிய பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதி என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருகு விசை உள்ள எஞ்சினில் ஒரு கணம் முன்னதாக மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு காப்பாற்றும். அதை அணைத்துவிட்டு வீரம் காட்டுபவரை மண்ணும் டயர்ச் சுவரும்தான் காப்பாற்றும். காப்பாற்றாமலும் போகலாம். இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் 59 வயதான அனுபவசாலி ஒருவர் கார்ப் பந்தயத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்த சிறுவனுக்கு வயது 13. ஆம்புலன்சும் டாக்டரும் கொடியும் உள்ள இடத்தில் நடந்தவை இவை. தடம் ஆபத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் படிப்பது நல்லது. தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ட்ராக் டே பந்தயமல்ல என்று ஏற்பாட்டாளர் சொல்லலாம். கம்பெனியின் சர்வேயர் அப்படி நினைக்க வேண்டுமே. 65 லட்சம் ரூபாய் கார் சுவரில் மோதினால், மோதியவர் கையிலிருந்துதான் போகும்.

ஆக, ட்ராக் டே வசதி உள்ளவரின் விளையாட்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருத்தடத்தில் ஃபார்முலா 4 நடந்தபோதும், 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோதும், தமிழ் இளைஞர்கள் உற்சாகப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க நிறைய இருந்தது. ஓட்டிப் பார்க்க?

அதற்கு ஒரு பதில், பகட்டு இல்லாத ஆட்டோகிராஸ். பெரிய சிமெண்ட் தளமோ வாகன நிறுத்துமிடமோ போதும். ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார். எதிரி கடிகாரம் மட்டும்தான். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் போட்டிகளில் ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி தண்டம். வேகம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் போவதைவிட அதிகமில்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் இருபது முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இது பெரும்பாலும் மண் தரையில் நடக்கிறது. தேசிய அளவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பின் உரிமமும் விதிகளும் இதற்கு உண்டு.

நெருக்கமாகக் கூம்பு வைத்த பாதையில் மசில் கார் ரொம்பவும் சங்கடப்படும். இரண்டாவது கியரில் எஞ்சின் மூச்சு விடுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அதில் கிட்டத்தட்டப் பாதி எடையே உள்ள மாருதி ஸ்விஃப்ட் அந்தச் சந்துகளில் புகுந்து வெளியே போயிருக்கும். குதிரை சக்தி அங்கே எடுபடாது; மஸ்டாங்கில் வந்தவர் ஸ்விஃப்ட்காரரிடம் போய் எந்த இடத்தில் பிரேக் போட்டாய் என்று கேட்க வேண்டியிருக்கும்.

இடம்தான் கேள்வி. இந்த விளையாட்டு உலகமெங்கும் வளர்ந்தது யுத்தம் முடிந்து சும்மா கிடந்த விமான தளங்களில். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு விமான தளமாக இருந்தது. முதல் பெரிய பந்தயம் 1948இல். அமெரிக்காவின் சீப்ரிங்கும் அப்படியே. நம் சோழவரமும் அந்த ரகம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. இறக்குமதிக் கார்களோடு, வீட்டுப் பின்புறத்தில் முடுக்கிய ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடின. சென்னையிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜனம் திரண்டது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைக் கட்டியதும் இதே கிளப்தான்.

கொச்சியில் மண்ணுக்குப் பஞ்சம், உண்மைதான். கடலைத் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வில்லிங்டன் தீவையே உண்டாக்கினார்கள். ஆனால் ஆட்டோகிராஸுக்குக் கேட்பது ஐம்பது ஏக்கர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் கண்காட்சி மைதானம், கண்டெய்னர் இல்லாத யார்டு, பொறியியல் கல்லூரியின் வாகன நிறுத்துமிடம் எது கிடைத்தாலும் ஆகும். கல்லூரி என்றதும் அதிகாரிகள் பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. 2015இல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் ஓணக் கொண்டாட்டத்தின்போது வளாகத்துக்குள் தறிகெட்டு வந்த ஜீப் மோதி ஒரு மாணவி இறந்தார். அதன் பிறகு வளாகங்களில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அது நியாயமானதுதான். ஆனால் அன்று அந்த வளாகத்தில் இல்லாதவை என்ன? கயிறு கட்டிப் பிரித்த பார்வையாளர் பகுதி, ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்ற விதி, அதைச் சொல்லி நிறுத்தும் அதிகாரம் உள்ள ஓர் ஆள். ஆட்டோகிராஸ் இந்த மூன்றையும் முதல் பக்கத்திலேயே கேட்கிறது. தடை உத்தரவு போடுவது ஒரு நாள் வேலை. இந்த ஏற்பாட்டைச் செய்ய நாலு துறை உட்கார்ந்து பேச வேண்டும்: போலீஸ், மோட்டார் வாகனத் துறை, இடத்தின் சொந்தக்காரர், ஒரு கிளப்.

உட்கார்ந்து பேசுவதென்றால் பருவ மழைக்கு முன் பேசினால் நல்லது. ஜூன் வந்துவிட்டால் கொச்சியில் திறந்த தளம் எதுவும் அக்டோபர், நவம்பர் வரை காய்வதில்லை. டிசம்பர் முதல் மே வரைதான் சீசன்.